பதினேழாம் நாள்

நோர்வூட் சந்தியில் நின்று பார்த்தால்
எங்கள் பயிற்சி நிலையம்
தேயிலை ஆலைக்குப் பிறந்த பிள்ளை மாதிரி.
கூரைத் தகரம் அவர்கள் தந்தது.
பட்டறையில் கிடக்கும் ரோலர் மோட்டர்
அவர்கள் கழித்துக் கட்டியது.
ஆலோசனைச் சபையில் துரைக்கு ஒரு நாற்காலி,
வருசத்துக்கு ஆறு பிள்ளைகளுக்கு
அங்கே வேலைப் பயிற்சி.
அறிக்கையில் நான் எழுதுவது:
தொழில்துறையோடு நல்லுறவு.

பிள்ளைகளின் தினக்குறிப்பில்
கையொப்பம் வைப்பதும் நான்தான்.
அநேகமாக எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.
வாட்டும் தட்டில் விசிறி பார்த்தோம்.
பெல்ட் மாற்றினோம்.
மழை. கரண்ட் இல்லை. தேத்தண்ணி குடித்தோம்.

கிருசாந்தியின் பதினேழாம் நாள்:
'பொதியிடும் அறைத் தராசுகள் மூன்றையும்
எடைக்கல் வைத்துச் சோதித்தேன்.
பிழை ஐந்து கிராம், இரண்டு கிராம், இல்லை.
திருத்தினேன். ஏற்றுமதிப் பெட்டிக்கு
ஐந்து கிராமும் பெரிது என்றார் அதிகாரி.
கொழுந்து மடுவத்துத் தராசையும் பார்க்கவா என்று கேட்டேன்.
அது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்றார்.'

பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன்.
அலகு ஒன்பது, எடையிடும் கருவிகள்.
யாருடைய கருவி என்று
அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவள் அம்மா மேல்மலையில் கொழுந்தெடுக்கிறாள்.
பதினெட்டுக் கிலோ வந்தால் ஒரு பேர்,
பதினேழரை என்றால் அரைப்பேர்.
ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ,
மிச்சம் முள் நிற்கிற இடம்.
இதையெல்லாம் நான் அவளிடம் கேட்டறியவில்லை.
நானும் அரைப்பேரில் படித்தவன்தான்.

வெள்ளிக்கிழமை சபைக் கூட்டம்.
ஆறு பிள்ளைகள் எட்டாகலாம் என்று
துரை சொல்லியனுப்பியிருக்கிறார்.
எட்டு நல்ல எண். எட்டு வீட்டில் மாதச் சம்பளம்.
இரண்டு இரவு அந்தக் கொப்பி
கையொப்பமில்லாமல் என் மேசையில் கிடந்தது.

இன்று காலை வந்து நின்றாள்.
அலுமாரியில் இருக்கிற இருபது கிலோ எடைக்கல்லை
ஒரு நாளைக்குத் தரமுடியுமா சேர்?
எப்படித் தூக்கிக்கொண்டு போவாய் என்றேன்.
அம்மா தினமும் தூக்குறது தானே, என்றாள்.

இரவல் பதிவேட்டில் அவள் பெயர், திகதி.
'காரணம்' என்ற கட்டத்தில்
பயிற்சி என்று நானே எழுதினேன்.
பிறகு கொப்பியை இழுத்து
பதினேழாம் நாளுக்கும் கையொப்பம் வைத்தேன்.

வாசலில் பஸ் நின்றது.
பையைக் காலால் தள்ளிப் பார்த்த நடத்துனர்
லக்கேஜ் டிக்கெட் போடவேணும், எத்தனை கிலோ என்றான்.

சரியா இருபது, என்றாள்.