ஏழு ரூபா

மெயின் ரோட்டில் குளிர்க்கடை திறந்த கிழமை
நானும் போனேன். ஒளிப்பானேன்?
பருப்பு பதினெட்டு ரூபா குறைவு,
காற்று வேறு சும்மா.

திரும்பி வர சுதாயினியின் கடையைத்
தாண்டத்தான் வேண்டும்.
ஆரையம்பதியில் என் வீட்டுக்கு வேறு ஒழுங்கை இல்லை.
மஞ்சள் பையைச் சாறித் தலைப்பால் மூடினேன்.
ஐந்து கிலோப் பருப்பு
எந்தத் தலைப்பில் அடங்கும்?

"நில்லுங்க அக்கா."
கடன் கொப்பியோடு வந்தாள்.
மார்கழி வெள்ளத்தில் ஊறிக் காய்ந்தது,
தாளெல்லாம் அப்பளம்.
என் பெயருக்கு நேரே சிவப்பு மையில்
ஏழு ரூபா.

"நீங்க தாறதில்ல, நான் தாறது.
அண்டைக்குச் சில்லறை இல்லாமப் போச்சு."

பையைப் பார்த்தாளா?
பார்த்தாள்.
"அங்க பருப்பு என்ன விலை?"
சொன்னேன்.
"நான் வாங்குற விலையே அதுக்கு மேல" என்றாள்,
மழை வரும்போல என்று சொல்லும் குரலில்.

வாங்க நினைக்காத முட்டை ஆறு கேட்டேன்.
சீனியும் ஒரு கிலோ.
அந்த ஏழு ரூபா கொப்பியிலேயே கிடக்கட்டும் என்றேன்.

"வட்டி கேக்கமாட்டீங்கதானே?"
ஒவ்வொரு முட்டையாக எடுத்து
பல்ப் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி
கேட்டாள்.