முட்டுக்கல்

வாலிநோக்கம் மணலில்
மூன்று முறை முறிந்தது பழைய பின்னச்சு.
கடைசித் தடவை பெட்டியில்
நாற்பது கிலோ விளைமீன்.
மதியத்துக்குள் ஐஸ் தண்ணீராகி
காக்கைகளே ஏலம் எடுத்துக்கொண்டன.

பரமக்குடி காயலான் கடையில்
எடைக்கு வாங்கினேன் இன்னொன்று,
எந்த லாரியின் இடுப்பெலும்போ.
பிச்சைக்கனி நான்கு விரற்கடை அறுத்துப் பற்றவைத்தார்.
டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டினார்.
உப்பு தின்ற பிரேக் குழாய்
அவர் விரலில் முறுக்காய் நொறுங்கியது.
"இதை நம்பியா ஏர்வாடிக் கூட்டத்துக்குள்ள வந்தீக?"
நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காலையிலேயே ததேயுஸ்
முட்டுக்கல்லைத் தூக்கி எறிந்திருந்தான்;
ஆறு வருஷமாக, வண்டி நிற்குமுன் குதித்து,
பின்சக்கரத்துக்கு அவன் கொடுத்த கல்.

மணல்மேட்டில் இறக்கிப் பார்த்தோம்.
பாதி மிதியில் நின்றுவிட்டது வண்டி.
ததேயுஸ் நிற்கவில்லை,
கண்ணாடியில் போய் நின்றது அவன் நெற்றி.
சிரித்தான். அவ்வளவு சந்தோஷம்.

திரும்பி வந்து, சரிவில் விட்டு,
ஹேண்ட் பிரேக்கைத் தேடினேன்.
"இந்த டிஸ்க்குக்கு அது வராதே"
என்றார் பிச்சைக்கனி, கை கழுவியபடி.

நான் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.
வீங்கிய நெற்றியைத் தடவிக்கொண்டு
உடைமுள்ளுக்குள் குனிந்து
கல்லைத் தேடிக்கொண்டிருந்தான் ததேயுஸ்.