எழுபது மில்லிமீட்டர்

ஓசூர் சிப்காட், இரண்டாம் ஷிஃப்ட்.
அறுபது டன் பிரஸ்ஸுக்கு அடியில்
என் சுட்டுவிரல் இருந்தது.
பிறகு நான் மட்டும் வெளியே இருந்தேன்.

தையல் பிரித்து,
நஷ்டஈட்டுப் படிவத்தில் இடக்கையால் கிறுக்கவைத்து
எல்லாம் முடிந்தது என்றார்கள்.
நரம்புக்கு யாரும் சொல்லவில்லை.

நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்
அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்ததாம்.
டாக்டர் ரெஹானா ஸ்கேல் வைத்துக் காட்டினார்:
விரல் இருந்திருந்தால்
எழுபதாம் நாள் நுனியைத் தொட்டிருக்கும்.
இல்லை. அதனால்
தேடித் தேடித் தன்மேலேயே சுற்றிக்கொண்டு
கொள்ளு அளவில் ஒரு முடிச்சு.

சட்டைப் பொத்தான் உரசினால் கரண்ட்.
பஸ் கம்பி, டம்ளர் விளிம்பு,
மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காற்று.
இல்லாத நகத்தை யாரோ
குறடு போட்டுப் பிடுங்குவார்கள்.
"இல்லாத விரல் எப்படிப்பா வலிக்கும்?"
என்று சூப்பர்வைசர் கேட்டான்.
இருந்தபோது ஒருநாளும்
அது இத்தனை பேசியதில்லை.

முதல் தடவை முடிச்சை வெட்டினார்கள்.
வெட்டிய இடத்திலேயே மறுபடி கிளம்பியது,
முருங்கை மாதிரி.

"இந்தத் தடவை வெட்டிவிட்டு
அது போக ஓர் இடம் கொடுப்போம்" என்றார் ரெஹானா.
பேனா ரீஃபிலைவிட மெல்லிய குழாய்,
நாளானால் தானே கரைந்துவிடும்.
அதற்குள் என் முழங்கைத் தசையில் ஒரு துணுக்கு.
"ஆய்வுதான். சத்தியம் பண்ண மாட்டேன்."

மச்சான் திம்மராயன் சந்தூரில் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவன்.
"ஒட்டுதானே, இதுக்கா பயம்?" என்றான்.
இல்லை மச்சான்.
உன் ஒட்டில் இந்தப் பக்கம் ஒரு வெட்டு
அந்தப் பக்கம் ஒரு வெட்டு.
எனக்கு அந்தப் பக்கம்
கழிவுத் தகரத்தோடு லாரி ஏறிவிட்டது.
வேறொரு அந்தப் பக்கத்தைச் செய்து வைக்கிறார்கள்.

இப்போது ஆறு மாதம்.
வலி போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.
மழைக்கு வருகிறது.
ஆனால் கதவைத் தட்டிவிட்டு வருகிறது.

நேற்று கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
சூளகிரி வண்டிக்கு நிற்கையில்
சும்மா
இல்லாத விரலை மடக்க நினைத்தேன்.
உள்ளங்கை மேட்டில், தோலுக்கு அடியில்,
ஏதோ துள்ளியது.
மறுபடி நினைத்தேன்.
மறுபடி.

கெம்பம்மா தன் கட்டைவிரலை அங்கே வைத்து
கண்ணை மூடிக்கொண்டாள்.
"பல்லி வாலாட்டம் துடிக்குதுய்யா."
முகத்தைச் சுளித்தாள். விரலை எடுக்கவில்லை.

வண்டி திரும்பி உள்ளே வந்தது.
அவள் கண்ணைத் திறக்கும் முன்
அவள் கட்டைவிரலுக்கு அடியில்
அதை நான் சுட்டிக் காட்டினேன்.