ஆடி

ஆடியில் யாராவது வண்டி எடுப்பார்களா என்று
ஆம்பூரிலிருந்து நாத்தனார் கேட்டாள்.
ஆடியில் ஆடிதான் எடுக்க வேண்டும் என்றேன்.
போனை வைத்துவிட்டாள்.

உண்மைக் காரணம் தள்ளுபடி.
நமக்கு ஆடி, கன்னடத்துக்காரர்களுக்கு ஆஷாடம்,
ஊரே ஆவணிக்குக் காத்திருக்க
ஷோரூமில் நான் ஒருத்தி.
டை கட்டிய பையன் சாவியை என்னைத் தாண்டி நீட்டினான்,
"சார், ஓட்டிப் பாருங்க."
தனசேகருக்கு சைக்கிளே தகராறு.
வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார்,
விபூதி வைக்கிற மாதிரி.

பதினாறு வருஷத்துக்கு முன்னால்
பீன்யா இரண்டாம் ஸ்டேஜ் சேற்றில்
இப்படி ஒன்று வந்து நின்றது.
இறங்கியவர் என் ஆயிரத்து இருநூறு ஸ்பிரிங்கையும்
தேறாது என்று திருப்பிக் கொட்டினார்.
அவர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை.
நாலு வளையம் கோத்த அந்த முகத்தையும்
அதன் கறுப்பு முதுகில்
என் ஓட்டைத் தகரக் கூரை
அத்தனை அழகாக விழுந்திருந்ததையும்
பார்த்துக்கொண்டே நின்றேன்.
அழுகை ராத்திரிதான் வந்தது.
ஆசையும் அதே ராத்திரிதான் வந்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு மாருதி,
அப்புறம் இன்னொரு மாருதி.

விடியற்காலை நாலரை. தும்கூர் ரோடு மேம்பாலம்.
யாரும் இல்லாத பெங்களூரை
முப்பது வருஷத்தில் முதல் தடவை பார்க்கிறேன்.
சாரல். கேட்காமலே துடைக்கிறது வைப்பர்.
ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமாம்.
ஒன்றே முக்கால் டன் அம்மி,
அதற்குள் ஐம்பத்து மூன்று வயதில் நான்,
பறக்கிறோம்.
பறக்கிறோம் என்றால், எழுபத்தெட்டில்.
கேமரா கஸ்தூரி, கேமரா, என்று
பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை
மிதித்துக்கொண்டே வருகிறார்.

நெலமங்கலா தாண்டி ஒரே ஒரு முறை
நான் மிதித்தேன்.
யாரோ பின்னாலிருந்து
சீட்டோடு சேர்த்து அணைத்தார்கள்.
தனசேகர் முருகா என்றார்.
நான் என்ன கத்தினேன் என்று கேட்டால்
சிரிக்கிறாரே தவிர சொல்ல மாட்டேன் என்கிறார்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும்
பேச்சை நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்தேன்.
சக்கரத்துக்கு மேலே எங்கோ
முகம் தெரியாத ஒருவர் சுற்றிய கம்பி
முனகாமல் அமுங்கி
முனகாமல் எழுந்தது.
நல்ல கை.
என் பட்டறையில் பசவராஜுக்கு மட்டும் வரும் அந்தக் கை.

கியாத்சந்திராவில் தட்டு இட்லி,
நின்றுகொண்டே, வெளியே.
மூன்று தடவை சோப்புப் போட்ட பிறகுதான்
அவரை உள்ளே ஏற்றினேன்.

திரும்பும்போது எட்டரை.
கொரகுண்டெபாளையா சிக்னல்.
இருநூற்று அறுபது குதிரையும்
ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் புல் மேய்ந்தன.
எத்தனை வருஷம் இந்த இடத்தைச் சபித்திருப்பேன்.
இன்றைக்கு மட்டும்,
பச்சையே, சீக்கிரம் விழுந்துவிடாதே.

ஸ்கூட்டர் ஒன்று உரசாமல் வந்து நின்றது.
பையன் ஹெல்மெட்டைக் கழற்றினான்,
என் ஜன்னலுக்குக் குனிந்தான்,
முடியைக் கோதினான்.
சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை,
இண்டர்வியூவாக இருக்கும்.
ஆடி என்றால் கண்ணாடி என்று
எப்போதோ தமிழ் வகுப்பில் படித்தது.
மழை இருட்டில் நான் உள்ளே இருப்பது
அவனுக்குத் தெரியவில்லை.
என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்
உதட்டை விலக்கிப் பல்லையும் பார்த்துக்கொண்டான்.

பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் எத்தனையோ ஹாரன்.
இருப்பா, அந்தக் காதோரம் இன்னும் கொஞ்சம், என்று
அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.
கால் பிரேக்கிலேயே இருந்தது.