ஒன்பது புள்ளி நாலு

வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில்
ரசீதைக் கொடுத்து வாங்கிய தாள்:
சி.ஆர்.பி. ஒன்பது புள்ளி நாலு.

"உள்ளுக்குள்ள எங்கேயோ அழற்சி" என்றார் டொக்டர் ஷிஃபானா.
காய்ச்சலில்லை, காயமுமில்லை.
காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபடி
சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.
அழல் இருந்தது,
புகை இல்லை.

யார் கொளுத்தியது?
கோட்டையில், கப்பல் கணக்கு முடியாத மேசையில்
இரவு இரண்டு மணிக்குக் கடித்த றோல்ஸா?
திங்கள் ஊற்றிய எண்ணெய்
வெள்ளியும் அதே தாச்சியில்தான் கொதிக்கிறது;
எனக்குத் தெரியும்.
மூன்று கரண்டி சீனியோடு
ஐந்தாவது பிளேன்டீ.
என் முதுகின் வளைவை மனப்பாடமாக்கிய கதிரை.

இரத்தத்தில் ஒரு காவலாளி இருக்கிறானாம்.
ஒவ்வொரு கடிக்கும் விசில் ஊதி ஊதி
இப்போது
கள்வன் யார் வீட்டுக்காரன் யார் என்று தெரியாமல்
என் முழங்கால் மூட்டைத்
தடியால் தட்டிப் பார்க்கிறான்.

பாவம், அவனுக்கும் நைட் டியூட்டி.
பதினொரு வருஷமாய்
அவனை மாற்றிவிட ஒருவரும் வரவில்லை.

இன்று ஒன்பதரைக்கே விளக்கை அணைத்தேன்.
கடற்கரை ரயில் ஒன்று போனது.
கீழே கொத்துக் கடையில் தகரம் அதிர,
வயிறு மட்டும்
அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தது.