இரண்டு பதிவேடுகள்

காலை நாலே முக்கால்.
எதிர் பிளாக்கில் ஒரே ஒரு சமையலறை விளக்கு.
மேசையின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு
கோடுபோட்ட நோட்டைத் திறக்கிறேன்.
தேக்காவில் வாங்கியது,
கட்டுக்கு ஐந்து, மூன்று வெள்ளி எண்பது காசு.

ஜெபக்குழுவில் பெனிட்டா சொல்லியிருந்தாள்:
“ஒரே அறிக்கை. பத்து முறை. நாற்பது நாள்.
கை எழுதுவதை மனசு ஒருநாள் வாசிக்கும்.”
கணக்காய்வுக்காரி அவள்.
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் நம்புவாள்.

நான் எழுதுவது இது:
கிறிஸ்துவுக்குள் நான் மன்னிக்கப்பட்டவன்.
நானும் மன்னித்துவிட்டேன்.

முதல் வாரம் எழுத்துகள் நிமிர்ந்து நின்றன.
இரண்டாம் வாரம் மெய்யெழுத்தின் புள்ளிகள் உதிர்ந்தன.
மூன்றாம் வாரம்
‘கிறிஸ்துவுக்குள்’ பத்தையும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு
‘நான்’ பத்து,
‘மன்னிக்கப்பட்டவன்’ பத்து.
பள்ளியில் இம்போசிஷன் எழுதிய அதே திருட்டு.

பகலில் எனக்கு இன்னொரு பதிவேடு.
அங் மோ கியோவில் பன்னிரண்டு பிளாக்,
முப்பத்து நான்கு லிஃப்ட்.
கூரைக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திர அறை,
ஆணியில் தொங்கும் பதிவேடு.
கயிறு – சரி. கதவு – சரி. பிரேக் – சரி.
பதினாறு வருடமாகக் கை அறிந்த வார்த்தை.
கண் வர வேண்டியதில்லை.

முப்பத்தோராம் நாள், வெள்ளி, நல்ல மழை.
‘பிரேக் – சரி’ என்று எழுதி முடித்தபின்தான்
மூடியைக் கழற்றினேன்.
ஏன் கழற்றினேன் என்று
இன்றுவரை எனக்கே தெரியாது.
உள்ளே பிரேக்கின் பட்டை
நற்கருணை அப்பத்தைவிட மெலிந்திருந்தது.

‘சரி’யை அடித்தேன். அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்திட்டேன்.
லிஃப்டை நிறுத்தினேன்.
இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஒரு சீன மாது
அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் படியேறினாள்.
ஒன்பதாவது மாடிவரை
அவள் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதுதான் கணக்குப் போட்டேன்.
முந்நூற்றுப் பத்து முறை
‘மன்னித்துவிட்டேன்.’
ஒருமுறைகூட மூடியைக் கழற்றவில்லை.
யாரை என்று எழுதவில்லை.

ஆல்வினை.
“உன் கையெழுத்து மட்டும் போதும், அண்ணா” என்றானே,
அவனை.
அதன்பிறகு வங்கிக் கடிதங்கள் என் பெயருக்கு வந்தன,
அவன் வரவில்லை.
செங்காங்கில் இருக்கிறான். ரயிலில் அரைமணி நேரம்கூட இல்லை.
இவ்வளவு சின்னத் தீவில் ஓர் ஆளைச் சந்திக்காமலிருப்பது
லேசான வேலை அல்ல;
எந்த ஆராதனை, எந்தக் கல்யாணம்,
எந்த வாசல் வழியே வெளியேறுவது,
எல்லாம் யோசித்தே மூன்று வருடம் போய்விட்டது.

மறுநாள் காலை நோட்டின் முன் வெகுநேரம் உட்கார்ந்தேன்.
முதல் வரியை மாற்றத் தோன்றவில்லை.
அதைச் சோதித்துக் கையெழுத்திட்டவர் வேறொருவர்;
அவர் உள்ளே பார்க்காமல் எழுதுகிறவர் அல்ல.
என் வரியைத்தான் அடித்தேன்.

ஆல்வினை இன்னும் மன்னிக்கவில்லை.
திறந்து பார்த்தேன், ஆண்டவரே. தேய்ந்திருக்கிறது.

பத்து முறை. மேலிருந்து கீழாக அல்ல,
வரி வரியாக.
நான்காவதில் ‘இன்னும்’ கனத்தது.
எட்டாவதில் ‘ஆல்வினை’ என்று எழுதப் போய்
‘ஆலியை’ என்று விழுந்தது.
திருத்தவில்லை.

பெனிட்டாவிடம் காட்டினேன்.
இது அறிக்கையா, புகாரா என்று கேட்டாள்.
கொஞ்சம் பொறுத்து, அவளே,
“தொடர்ந்து எழுதுங்கள்” என்றாள்.

உதிரிபாகம் செவ்வாயன்று வந்தது.
பொருத்தி, பாரம் ஏற்றி, இருமுறை ஓட்டிப் பார்த்து,
‘பிரேக் – சரி’ என்று எழுதினேன்.
புதிதாய்க் கற்ற சொல்போல் இருந்தது.

நாற்பதாம் நாள் ஞாயிறு.
நோட்டில் பக்கங்கள் மீதி இருந்தன.
ஃபோனிலிருந்து அவன் எண்ணை என்றோ அழித்திருந்தேன்;
விரல் அழித்திருக்கவில்லை.

எட்டு இலக்கம்.
ஒரே முறை எழுதினேன்.
பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு
ஃபோனை எடுத்தேன்.