தோற்றவர் மரம்

தை செங், ஏழாவது மாடி. இரவு ஒன்று பத்து.
குளிரூட்டி யார் சொல்லும் கேட்காது.
ஃபர்ஹானா முக்காட்டின் மேல்
இன்னொரு சால்வையும் சுற்றியிருக்கிறாள்.

கேட்டது ஒற்றை வாக்கியம்தான்:
முப்பத்தொரு விடுதி, அவர்கள் வேலைசெய்த தளங்கள்,
ஆறு ஆண்டு. வாயிலில் அட்டை தட்டிய
ஒவ்வொரு தட்டும் வேண்டும்,
ஆள்வாரியாக, ஆளுக்குள் நேரவாரியாக.
யாரோ ஒரு வழக்கறிஞர் எழுதிக் கேட்டிருக்கிறார்.
நானூறு கோடி வரிகள்.
அடுக்குவதற்கு எனக்குக் கிடைத்த நினைவகம்
எட்டு ஜிகாபைட்.

நண்பகல் உணவங்காடியில்
டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்த ஒரு மேசை,
அதில் தீவையே உட்காரவைக்கச் சொல்கிறார்கள்.

முடியாது. அதனால்
மேசை கொள்ளும் அளவு அள்ளு.
அடுக்கு. வட்டில் எழுது. மேசையைத் துடை.
மறுபடி அள்ளு.
இரண்டு நாற்பதுக்கு வட்டு நிறைந்து எல்லாம் நின்றது.
போன வருடக் குப்பையை ஃபர்ஹானா அழித்தாள்,
நான் கோப்பி வாங்கிவந்தேன், மறுபடி முதலிலிருந்து.

நாலரைக்கு ஐம்பது கட்டுகள்.
ஒவ்வொன்றும் தனக்குள் ஒழுங்கு,
பக்கத்துக் கட்டில் யார் இருக்கிறார் என்று
ஒன்றுக்கும் தெரியாது.
(எங்கள் புளோக்கும் அப்படித்தான், போகட்டும்.)

இனிக் கோத்தல்.
ஐம்பது கட்டின் தலைவரிகள் மட்டும் மேசைக்கு வரும்,
இரண்டிரண்டாக மோதும்.
சிறிய எண் மேலே போகும்.
தோற்றது, தோற்ற கிளையிலேயே
பெயரை எழுதிவைத்துக் காத்திருக்கும்.
உச்சிக்குப் போனது வெளியேறிவிடும்;
அதன் கட்டிலிருந்து அடுத்தது ஏறும்,
ஆறே படி,
வழியில் ஏற்கெனவே தோற்றவர்களோடு மட்டும் மோதி.
வென்றவரை மரம் ஞாபகம் வைப்பதில்லை.
அது நிற்பதே தோற்றவர்களை வைத்துத்தான்.

வரிகள் ஒழுகத் தொடங்கின.
அனுமதி எண், நேரம், வாயில்.
நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை,
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓரிடத்தில் இரண்டு வரி ஒட்டிக்கொண்டு வந்தன.
ஒரே எண். தவசிக்கனி என்பவருடையது.
ஒரே நாள், மாலை ஏழு மணி இரண்டு நிமிடம்,
ஒரே நொடி.
ஒன்று கிராஞ்சி விடுதி: உள்ளே.
ஒன்று துவாஸ் பணித்தளம்: கிரேன் பகுதிக் கதவு.

மூன்றாம் கட்டில் ஒன்று கிடந்தது,
நாற்பத்தொன்றாம் கட்டில் மற்றது.
நாலு வருடம் ஒரே கிடங்கில் இருந்தும்
ஒன்றையொன்று பார்த்ததில்லை.

எது முந்தியது?
இயந்திரத்திடம் பதில் இல்லை.
சமமென்றால் வந்த வரிசையிலேயே விட்டுவிடும்,
அவ்வளவுதான் அதன் நீதி.

“பிழையா?” என்றாள் ஃபர்ஹானா.
ஒருமுறை என்றால் பிழை.
கீழே இழுத்தேன். அடுத்த நாளும் ஏழு இரண்டு.
அதற்கடுத்தது ஏழு மூன்று.
ஞாயிறு இல்லை. பிறகு மறுபடி.
நூற்று அறுபத்திரண்டு மாலை
ஓர் அட்டை தூங்கப் போயிருக்கிறது,
ஓர் ஆள் போகவில்லை.

“நகல் வரிகளை நீக்கவா?
அறிக்கையில் அசிங்கமாக இருக்கும்.”
வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான்
குரல் உயர்ந்திருந்தது தெரிந்தது.
அவள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஐந்தே முக்காலுக்கு முடிந்தது.
ஐம்பது கட்டுகளும் தாமாகவே அழிந்தன,
தற்காலிகம் என்று எழுதித்தான் பிறந்தவை.

முதல் ரயிலுக்கு இறங்குகிறேன்.
கதவில் என் அட்டையைத் தட்ட, பச்சை விளக்கு.
எங்கோ ஒரு குவியலின் அடியில்
என் வரி போய் விழுகிறது,
யாரும் இன்னும் அடுக்கக் கேட்காத குவியல்.